இரண்டு ஆணி வீடு

அத்தை வாயைத் திறந்தாலே தெரு சிரித்துவிடும். ஐம்பது வயது தாண்டும்வரை அதை ஒரு வரம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள், அத்தை உட்பட. சொந்தத்தில் அவளை அத்தை என்று கூப்பிட உரிமை உள்ளவன் ஒரே ஒருவன், அண்ணன் மகன். சின்ன வயதில் அவன் வாசலில் நின்று கத்திக் கத்திக் கூப்பிட்டதில் தெருவே அந்த முறையை எடுத்துக்கொண்டது. அவளைவிட மூத்தவர்கள்கூட, "என்ன அத்தை, கடை திறந்தாச்சா?" என்று கேட்பார்கள். "இல்ல, பூட்டுக்குள்ள உக்காந்துதான் பேசுறேன்" என்பாள். அது ஒன்றும் பெரிய நகைச்சுவை இல்லை. ஆனாலும் சிரிப்பார்கள். சிரிக்கலாம் என்று முன்பே முடிவு செய்துகொண்டு வருகிறவர்களை யார் தடுப்பது?

சந்தைக்குப் போகும் சாலையில் அவளுக்குப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. ஒருவர் உட்கார்ந்து இன்னொருவர் நின்றால் நிறைந்துவிடும். கண்ணாடி அறுக்கும் வைரப் பேனா, மூலை வெட்டும் ரம்பம், பசை டப்பா, சுவர் நிறைய யார் யாரோ முகங்கள். கட்டிக்கொண்டவன் நடத்திய கடை அது. அவன் கல்யாணமான இரண்டே வருடத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். "எனக்கு வந்த முதல் வேலையே அவர் படத்துக்குச் சட்டம் போட்டதுதான். கூலி இன்னும் வரல" என்று அதையும் கேலியாகத்தான் சொல்வாள். கேட்டவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று முழிப்பதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு திருப்தி. அவள் அழுது பார்த்தவர்கள் யாரும் இல்லை. அண்ணனே பார்த்ததில்லை.

அப்பா விட்டுப்போன வீட்டில்தான் இருவரும் இருந்தார்கள். தெருமுனையில், பக்கத்தில் ஒரு சந்து ஓடும் வீடு. வாசலுக்கு மேலே அரைவட்ட வளைவு. அதற்கும் மேலே ஐந்து இதழ் பூப்போல இரும்புக் கம்பி வளைத்த வட்டச் சாளரம். கீழே அத்தை. மேலே அண்ணன், அண்ணி, அவர்கள் மகன். அதற்கும் மேலே மொட்டை மாடி. மொட்டை மாடியின் ஓரத்தில் நாலைந்து படிகள் வானத்தைப் பார்த்து ஏறி, சட்டென்று நின்றுவிடும். "இன்னொரு மாடி எடுக்கலாம்னு ஆரம்பிச்சேன், முடியல" என்று அப்பா சொல்லியிருந்தார். அண்ணி அந்தப் படிகளில் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தாள்.

அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் படத்தை மாட்டினாலும் இரண்டு ஆணி. நடுவில் ஒற்றை ஆணியில் கயிற்றைப் போட்டுத் தொங்கவிடக் கூடாது. இரண்டு மூலைக்கும் ஆளுக்கொரு ஆணி அடித்து, ஜன்னல் சட்டத்தோடு ஒத்துப்போகும்படி பார்த்து மாட்ட வேண்டும். "பஸ் போற அதிர்வுல ஒத்தை ஆணிப் படம் கோணிக்கும்" என்று அப்பா சொல்வார். அதை அவர் எவ்வளவு கண்டிப்பாகச் சொன்னார் என்றால், அத்தை கடைக்கு வருகிறவர்களுக்கும் அதையே ஓதினாள். "ரெண்டு ஆணி அடிங்க, அதிர்வுல நகராது." அப்பா வார்த்தை என்றால் அண்ணனும் தங்கையும் அப்படித்தான். அதைத் திருப்பிக் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை.

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அண்ணன் முதலில் பேசியது மண்டபத்தைப் பற்றி இல்லை, மாடியைப் பற்றி.

"அப்பா விட்டதை நான் முடிக்கிறேன் பாப்பா. புதுசா வர்ற பொண்ணு மேல் மாடியில இருக்கட்டும். அந்தப் படி அரை நூற்றாண்டா அண்ணாந்து பார்த்துட்டே நிக்குது."

ஐம்பதைத் தாண்டியும் அவருக்கு அவள் பாப்பாதான். அத்தைக்கும் சந்தோஷம்தான். "படிக்கு இனிமே கழுத்து வலி தீரும்" என்றாள். செங்கல் வந்து இறங்கியது. மேஸ்திரி வந்தார்.

அந்த வாரம்தான் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி தன் பழைய சான்றிதழைக் கடைக்குக் கொண்டுவந்தாள். கண்ணாடி மங்கி, சட்டத்தைச் செல் அரித்திருந்தது. பின்பலகையைப் பிரித்தபோது, படம் ஆடாமல் இருப்பதற்காக யாரோ உள்ளே செருகி வைத்திருந்த பழைய அட்டைகள் கீழே விழுந்தன. சட்டம் போடுகிறவர்கள் கையில் கிடைக்கும் அட்டையை அப்படிச் செருகுவது உண்டு. அத்தையே மருந்துப் பெட்டி முதல் கல்யாணப் பத்திரிகைவரை செருகியிருக்கிறாள். விழுந்ததில் ஒன்று தபால் அட்டை. கேலிச் சித்திரம் அச்சடித்தது, வண்ணம் பழுப்பேறியது.

ஒரு வீடு, குடித்துவிட்டு வருகிறவன்போல ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. மேல் மாடி ஜன்னலில் ஒருவன் முக்காலிமேல் ஏறி, வாயில் ஒரு ஆணியைக் கவ்விக்கொண்டு, கையில் சுத்தியலோடு சுவரில் படம் மாட்டுகிறான். அவன் மாட்டும் படமும் வீட்டோடு சேர்ந்தே கோணி நிற்கிறது. கீழே தெருவில் ஒரு கூட்டம். அத்தனை பேரும் தலையை ஒரு தோள்மேல் சாய்த்துக்கொண்டு வீட்டை அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒரு நாய்கூடத் தலையைச் சாய்த்திருக்கிறது. படத்துக்குக் கீழே ஒரு வரி: 'எங்கள் வீட்டில் எல்லாம் நேராகத்தான் இருக்கிறது!'

அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். பிறகுதான் படத்து வீட்டின் வாசல் வளைவைப் பார்த்தாள். அதற்கு மேலே இருந்த வட்டச் சாளரத்தைப் பார்த்தாள். ஐந்து இதழ்.

"இதை நான் வச்சுக்கட்டுமா சிஸ்டர்?"

"குப்பைதானே, எடுத்துக்கோங்க" என்றாள் நர்ஸ்.

அன்று மாலையே அதை மேலே கொண்டுபோய்க் காட்டினாள். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்ததும் தொடையில் தட்டிக்கொண்டார்.

"ஏய் பாப்பா, நம்ம வீடுடி இது!"

அண்ணி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "நம்ம வீடுங்கிறீங்க, ஒரு மாடி கூடுதலா இருக்கே?"

"கேலிப் படம்னா அப்படித்தான். மூக்கை நீட்டுவான், தொப்பையைப் பெருக்குவான். இவன் வீட்டை நீட்டிட்டான்." அண்ணன் மறுபடியும் சிரித்தார். "எப்படிப் பார்த்தாலும் நல்ல சகுனம். நாம இப்ப எடுக்கப்போற மாடியை அந்த ஆள் அப்பவே எடுத்துட்டான் பாரேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். மகன் அந்தக் கூட்டத்தைப்போலத் தலையைச் சாய்த்து நடித்துக் காட்டினான். "மருமகனே, உன் தலை எப்பவும் அப்படித்தான் இருக்கு, புதுசா சாய்க்காதே" என்றாள் அத்தை. அதற்கும் சிரிப்பு. கல்யாணத்துக்கு வரும் சம்பந்தி வீட்டார் கண்ணில் படும்படி கூடத்தில் அதை மாட்ட வேண்டும், யார் வரைந்தது, எந்தக் காலம் என்றெல்லாம் விசாரித்து வை என்று அண்ணன் சொன்னார். அத்தை மறுநாளே அதற்கு நல்ல தேக்குச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கூடத்தில் மாட்டினாள். வழக்கப்படி இரண்டு ஆணி.

அட்டையின் பின்பக்கம் எழுதியிருந்ததை அதற்குமுன் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். 'நகர நகைச்சுவை வரிசை, 4' என்று சின்ன எழுத்தில் போட்டு, அடியில் ஒரு அச்சகத்தின் பெயர் இருந்தது.

முதலில் அவள் போனது சந்தையில் பழைய சாமான் விற்கிறவரிடம். தரையில் சாக்கை விரித்து, துருப்பிடித்த பூட்டு, ஓடாத கடிகாரம், பழைய தபால்தலை என்று பரப்பி வைத்திருப்பவர். அட்டையைக் கைப்பேசியில் படமெடுத்திருந்தாள். அவர் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாலாம் நம்பர்! எங்க கிடைச்சுது உங்களுக்கு?"

"ஏன், அவ்வளவு உசத்தியா?"

"ஒண்ணு, ரெண்டு, மூணெல்லாம் எப்பவாவது வரும். இது வர்றதே இல்ல. வந்த கையோட யாரோ ஒருத்தர் கடைகடையா ஏறி மொத்தத்தையும் வாங்கி எரிச்சிட்டாருன்னு எங்க அப்பா சொல்வார்."

"ஜோக் அட்டையை எதுக்கு எரிக்கணும்?"

"அதான் தெரியல. நீங்க சிரிக்க வச்சே ஊரைக் கெடுக்கிறவங்க, நீங்கதான் சொல்லணும்" என்று அவர் சிரித்தார். அத்தையும் சிரித்துவிட்டு வந்தாள். ஆனால் பாதி வழியில் சிரிப்பு நின்றுபோயிற்று.

வீட்டுக்கு வந்தால் அவளுடைய குளியலறைக் கதவு மூட மறுத்தது. காலையில் மூடிய கதவு. மேலே அன்று செங்கல் முழுவதையும் ஏற்றி முடித்திருந்தார்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும்தான், ஆனால் இது வெயில் கொளுத்தும் மாதம். அவள் தோளால் இடித்து மூடினாள்.

இரண்டு நாள் கழித்து, சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக விரிசல் ஓடியிருந்தது. தெருவில் யாரும் பந்தாடவில்லை. அவளே கடையிலிருந்து புதுக் கண்ணாடி கொண்டுவந்து போட்டாள். நாலு பக்கமும் மயிரிழை இடம் விட்டுத்தான் அறுத்திருந்தாள். அந்த வாரம் மணல் ஏற்றினார்கள். புதுக் கண்ணாடியும் அதே மூலையிலிருந்து அதே போக்கில் விரிந்தது. கண்ணாடி அவளுக்கு இருபத்தைந்து வருடப் பழக்கம். யாராவது நெருக்கினால் ஒழிய அது அப்படி உடையாது. அவள் உடைந்த துண்டை ஜன்னல் சட்டத்தின் மூலையில் வைத்து ஒத்துப்பார்த்தாள்.

அச்சகம் இன்னும் இருந்தது. பழைய எந்திரங்களை எடைக்குப் போட்டுவிட்டு, இப்போது கல்யாணப் பத்திரிகையும் விளம்பரப் பதாகையும் கணினியில் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்லாவில் அறுபது வயது அம்மாள் ஒருத்தி. அச்சகம் தொடங்கியவரின் மகள். மருமகனின் பத்திரிகையையும் அங்கேயே கொடுத்துவிடலாம் என்று அத்தை வாசகத்தை எழுதிக் கொண்டுபோயிருந்தாள். விலை பேசி முடித்த பிறகு அட்டையின் படத்தைக் காட்டினாள்.

அந்த அம்மாள் மேசைமேல் இருந்த காகிதங்களை ஒதுக்கினாள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் மூன்று அட்டைகள் இருந்தன. ஒன்றில் மணிக்கூண்டு, ஒரு முகத்தில் காலை, மறுமுகத்தில் மாலை. நடுவில் ஒருவன் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கிறான். இரண்டாவதில் ஒரு பேருந்து, நடத்துநர் பின்னாலிருந்து கயிறு கட்டி இழுத்துப் பிடிக்கிறார். 'இதுதான் எங்கள் பிரேக்!' என்று ஓட்டுநர் கையாட்டுகிறார். மூன்றாவதில் குழாயைத் திறந்தால் மீன் வருகிறது.

"எங்க சித்தப்பா வரைஞ்சது. ஜனங்க கடைக்கு வெளியே நின்னு வாங்கிட்டுப் போவாங்க. ஏன்னா எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். மணிக்கூண்டு ரெண்டு நேரம் காட்டுச்சு. குழாயில மீன் வந்துச்சு. அவர் எதையும் இட்டுக்கட்டி வரைஞ்சதே இல்லீங்க."

"பஸ்ஸு?"

"பஸ்ஸும்தான். இந்த அட்டையை அந்த டிரைவரே வாங்கிக் கண்ணாடிக்குப் பக்கத்துல ஒட்டி வச்சிருந்தாராம். ஏறுறவங்க எல்லாம் பார்த்துச் சிரிப்பாங்க. பிரேக்கை மட்டும் யாரும் மாத்தல. ஒருநாள் பாலத்துலேர்ந்து ஆத்துக்குள்ள போயிடுச்சு." அவள் அந்த அட்டையின்மேல் விரலை வைத்தாள். "அதுக்கப்புறம் சித்தப்பா பேனாவையே தொடல. நான் சொன்னேன், சிரிச்சுட்டுப் போயிட்டாங்கன்னு புலம்பிட்டே செத்தார். அதனாலதான் அஞ்சாவது அட்டையே கிடையாது."

அத்தைக்கு, கேட்க வந்ததைக் கேட்காமல் எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது.

"நாலாவதுல இருக்கிற வீடு... அதுல மேல் மாடி..."

"இருந்துச்சு. குளத்தைத் தூர்த்த இடம்னு சொல்வாங்க. மேல் மாடி எடுத்ததும் சந்துப் பக்கமா இறங்க ஆரம்பிச்சுது. தெருவே போய் நின்னு வேடிக்கை பார்க்கும், நான் சின்னப் பொண்ணு, நானும் போய் நின்னிருக்கேன். அந்த வீட்டுக்காரர் இங்க வந்து சித்தப்பா சட்டையைப் பிடிச்சார். என் குடும்பத்தைச் சந்தி சிரிக்க வச்சுட்டியேன்னு. இருந்த அட்டையெல்லாம் வாங்கிட்டுப் போனார். ஆனா பஸ் விழுந்த மறுவாரமே ஆளை விட்டு மேல் மாடியை இடிச்சு இறக்கிட்டார். நல்ல மனுஷன், பயந்தாலும் உருப்படியா பயந்தார்." அவள் நிமிர்ந்தாள். "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"பொண்ணு" என்றாள் அத்தை.

அந்த அம்மாள் பத்திரிகை வாசகத்தைக் கையில் எடுத்து, மணமகன் இல்லம் என்று போட்டிருந்த முகவரியை வாசித்தாள். பிறகு அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

அத்தை நேராக மொட்டை மாடிக்குத்தான் போனாள். அன்று வேலைக்கு விடுமுறை. செங்கல் அடுக்கும் மணல் குவியலும் சிமெண்டு மூட்டைகளுமாக மாடி நிறைந்து கிடந்தது. சந்துப் பக்கத்துச் சுவரில் ஏற்கெனவே இடுப்புயரம் எழுப்பியிருந்தார்கள். அவள் படியில் இருந்த பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள். முடிவே இல்லாத படி, யாரும் ஏறிப்போகாத படி. ஆனால் ஒவ்வொரு படியின் நடுவிலும் மேல்பூச்சு தேய்ந்து குழிந்திருந்தது. பல கால்கள் ஏறி இறங்கிய தேய்மானம். இத்தனை வருடம் தொட்டி அதை மூடியிருந்தது. அவள் அந்தக் குழிவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

அவள் பிறக்குமுன், அண்ணன் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்திருக்க வேண்டும். அப்பா பொய் சொல்லியிருக்கிறார். அவமானத்தில் சொன்ன பொய். அதை மறைக்கத்தான் தரையைச் சமமாக்கிப் போட்டார், கதவுகளை இழைத்தார், படத்துக்கெல்லாம் இரண்டு ஆணி அடித்தார். சாய்ந்த வீட்டுக்குள் எல்லாமே ஒன்றுக்கொன்று நேராக இருந்தன. ஒற்றை ஆணியில் தொங்கும் படம் மட்டும்தான் உண்மையைச் சொல்லியிருக்கும்; அதைத்தான் அவர் தொங்கவிடவில்லை. அந்த இரண்டாவது ஆணியை அத்தை தெருமுழுக்க விற்றிருக்கிறாள்.

மறுநாள் காலை வேலை தொடங்கும்முன் அண்ணனிடம் போய்ச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் காப்பியை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். பாதியில் அவர் வாய் கோணியது. சிரிப்பை அடக்குகிறார்.

"பாப்பா, நல்லாத்தான் ஜோடிக்கிறே. முகத்தை இப்படி வச்சுட்டுச் சொன்னா யார்தான் நம்ப மாட்டாங்க!"

"அண்ணே, நான் விளையாடல."

"போன வருஷம் தண்ணித் தொட்டிக்குள்ள முதலை இருக்குன்னு இதே முகத்தோடதான் சொன்னே."

அதுவும் உண்மைதான். சொன்னாள். அண்ணி துடைப்பத்தோடு மொட்டை மாடிவரை ஓடினாள். அந்தக் கதையைத் தெரு ஒரு மாதம் சொல்லிச் சிரித்தது.

"ஒரு இஞ்சினியரைக் கூட்டிட்டு வந்து காட்டலாம்ணே. அவர் பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னா நானே செங்கல் தூக்குறேன்."

அண்ணன் முகம் மாறியது. "அப்பா போட்ட அஸ்திவாரத்துக்கு எவன்கிட்டயும் போய் நான் சர்டிபிகேட் கேக்க மாட்டேன். அவர் ஆசைப்பட்டுப் பாதியில விட்டதை முடிக்கிறேன். அவரே கட்டி அவரே இடிச்சாருன்னு எவளோ ஒருத்தி சொன்னா, அதை வந்து என்கிட்ட சொல்றியா? ஒரு ஜோக் அட்டையை நம்பி?"

அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணி குறுக்கிட்டாள். "விடுங்க. கீழ இருக்கிறவங்களுக்கு மேல ஒரு குடும்பம் ஏறி வாழ்றதைப் பார்க்க மனசு வரல. அதுக்குத்தான் இவ்வளவு சுத்து."

அத்தைக்கு அது சுருக்கென்று தைத்தது. ஒரு கேலியால் அதைத் தட்டிவிட அவளுக்கு ஒரு நொடி போதும். ஆனால் கேலி வரவில்லை. அவள் கீழே இறங்கினாள். மேலே தட்டும் சத்தம் ஆரம்பித்தது. மேஸ்திரி, இரண்டு ஆட்கள், அவர்களுக்குச் செங்கல் எடுத்துக் கொடுக்க மருமகனும் போயிருந்தான். தன் அறையைத் தானே கட்டுகிறானாம், அதில் அவனுக்கு ஒரு பெருமை.

அவள் கடையைத் திறக்கப் போகவில்லை. குறடை எடுத்துக்கொண்டு திரும்பவும் மாடியேறினாள்.

கூடத்துப் பெரிய சுவரில் ஐந்து படங்கள் வரிசையாக இருந்தன. அப்பா, அம்மா, அண்ணன் அண்ணி கல்யாணம், மருமகனின் பட்டம், கடைசியில் அந்தத் தபால் அட்டை. எல்லாம் அவள் கையால் சட்டம் போட்டவை, அவள் கையால் மாட்டியவை. அண்ணன் உள்ளேயிருந்து வருவதற்குள் அவள் ஒவ்வொரு படத்தையும் கழற்றி, இரண்டு ஆணியில் ஒன்றைப் பிடுங்கி, கயிற்றின் நடுவை மற்றதில் போட்டுத் தொங்கவிட்டாள். படங்கள் ஆடின. ஆடி நின்றன. ஐந்தும் ஒரே பக்கமாக, ஒரே அளவுக்கு, பக்கத்து ஜன்னலை விட்டு விலகி நின்றன. மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் ஒரு இடைவெளி விழுந்திருந்தது. விளையாட்டுக்குச் செய்தாலும் அப்படி ஐந்தையும் ஒன்றுபோல் கோணலாக்க முடியாது. அவள் எதிர்பார்த்ததைவிட இடைவெளி பெரிதாக இருந்தது. அவளுக்கே பயம் வந்துவிட்டது.

"என்ன பண்றே நீ?" அண்ணன் வாசலில் நின்றார்.

"படம் கோணல அண்ணே. படம்தான் நேரா இருக்கு. மத்ததெல்லாம்தான்..."

"அப்பா படத்தைக் கோணலா தொங்க விட்டிருக்கே! கல்யாண வீட்டுல!"

அவருக்குக் காது சிவந்துவிட்டது. முக்காலியை இழுத்துப் போட்டார். அவள் பிடுங்கிப்போட்ட ஆணியைப் பொறுக்கி வாயில் கவ்விக்கொண்டார். சுத்தியலை எடுத்து ஏறி, அப்பாவின் படத்தை ஜன்னலோடு ஒத்துப்பார்த்து நிமிர்த்தினார். அண்ணி அடுக்களையிலிருந்து வந்தவள் அவரைப் பார்த்து, பிறகு சுவரின் கடைசியில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். முக்காலி, சுத்தியல், வாயில் ஆணி. அவள் சிரிக்கவில்லை. "என்னங்க..." என்றாள். அண்ணனும் தலையைத் திருப்பி அட்டையைப் பார்த்தார். பார்த்தார் என்பது நிச்சயம், ஏனென்றால் சுத்தியல் பிடித்த கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. இறங்கியிருக்கலாம். ஆனால் தங்கையும் மனைவியும் பார்த்துக்கொண்டிருக்கும்போது இறங்குகிற மனிதர் இல்லை அவர். ஆணியைப் பழைய துளைக்கு ஒரு விரல்கடை தள்ளி வைத்து ஓங்கி அடித்தார்.

ஒரே அடி. ஆணி ஈர மண்ணில் இறங்குவதுபோலத் தலைவரை உள்ளே போய்விட்டது.

அண்ணன் சுத்தியலைக் கீழே போடாமல், மறு கையால் அந்த இடத்தைத் தொட்டார். பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே மேலிருந்து கீழே ஒரு பிளவு. அவர் சுட்டுவிரலை வைத்தார். விரல் முழுக்க உள்ளே போயிற்று. உள்ளேயிருந்து பொடி மணல் மெல்லச் சரசரவென்று இறங்கிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. தலைக்கு மேலே செங்கலை அடுக்கும் சத்தம் கேட்டது. யாரோ பாட்டு முணுமுணுக்கிறார்கள்.

அவர் முக்காலியிலிருந்து இறங்கிய விதத்திலேயே அவருக்கு வயதாகிவிட்டது தெரிந்தது.

"பாப்பா. பையன் மேல இருக்கான்."

அவ்வளவுதான் சொன்னார். காலை எடுத்துவைக்கப் பார்த்தார், முடியவில்லை. சுவரைப் பிடிக்கக் கை நீட்டி, பிடிக்கப் பயந்து இழுத்துக்கொண்டார். அத்தை அண்ணியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, "அவரைக் கூட்டிட்டுத் தெருவுக்குப் போங்க" என்று கத்திக்கொண்டே மாடிப்படி ஏறினாள்.

மேலே நல்ல வெயில். மருமகன் தலையில் துண்டு கட்டிக்கொண்டு செங்கல் நீட்டினான். சந்துப் பக்கத்துச் சுவர் நெஞ்சுயரம் வந்திருந்தது.

"எல்லாரும் இறங்குங்க! கீழ வாங்க! வீடு இறங்குது!"

மேஸ்திரி கரண்டியோடு திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "வந்துட்டாங்கப்பா. காலையில அண்ணன்கிட்ட போட்ட நாடகம் முடிஞ்சுது, இப்ப நமக்கு."

"முதலை தொட்டியை விட்டு வெளியே வந்துடுச்சா அத்தை?" என்றான் மருமகன்.

ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் வீடு ஆடுகிற மாதிரி இடுப்பை ஆட்டிக் காட்டினான். அத்தை வாயைத் திறந்தாள். மூச்சு வாங்கியது. என்ன சொன்னாலும் இவர்கள் சிரிப்பார்கள் என்று தெரிந்தது. சொல்லச் சொல்லச் சிரிப்பார்கள். ஐம்பது வருடமாக இவர்களை அப்படிப் பழக்கியவள் அவள்தான். ஆற்றில் விழுந்த பேருந்தின் கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டை அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள் மணல் குவியல் ஓரத்தில் அப்படியே தொப்பென்று உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சத்தம் போட்டு, குழந்தைபோல, ஏங்கி ஏங்கி அழுதாள்.

ஒருவன் இன்னும் கொஞ்சம் சிரித்தான். பிறகு அவனும் நிறுத்தினான்.

மேஸ்திரி கரண்டியைச் சாந்துச் சட்டியில் வைத்தார். "இறங்குங்கடா" என்றார் மெல்ல. "மெதுவா. ஒருத்தன் பின்னால ஒருத்தன். குதிக்காதீங்க." மருமகன் கையில் இருந்த செங்கலை எங்கே வைப்பதென்று தெரியாமல், அதைக் கையோடு வைத்துக்கொண்டே வந்து அத்தையைத் தூக்கி நிறுத்தினான். படியில் கால் வைப்பதற்கே பயந்து பயந்து வைத்தார்கள்.

எதிர்ச் சாரியில் போய் எல்லோரும் நின்றார்கள். அண்ணன் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். அண்ணி மகனின் கையைப் பிடித்தவள் விடவில்லை. பக்கத்து வீடுகளுக்கு மருமகன் ஓடி ஓடிச் சொன்னான். அவர்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பிறந்ததிலிருந்து பார்த்த வீடு. ஆனால் இந்தப் பக்கம் நின்று, நிதானமாக, இப்படிப் பார்த்ததில்லை. பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் நேராக நின்றது. வீடு அதோடு ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்காக ஒவ்வொருவரும் தங்களை அறியாமல் தலையை ஒரு தோளுக்குச் சாய்த்தார்கள். அண்ணன் சாய்த்தார். அண்ணி சாய்த்தாள். மேஸ்திரியும் ஆட்களும் சாய்த்தார்கள். மாடியில் செங்கலும் மணலும் அப்படியே இருந்தன. அதை இனி யார் போய் இறக்குவது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சைக்கிளில் போன ஒருவன், என்ன கூட்டம் என்று காலை ஊன்றி நின்றான். இவர்களைப் பார்த்தான். இவர்கள் பார்ப்பதைப் பார்த்தான். அவன் தலையும் சாய்ந்தது. பிறகு கூட்டத்தில் அத்தையைக் கண்டுகொண்டதும் அவனுக்குப் புரிந்துவிட்ட மாதிரி முகம் மலர்ந்தது.

"என்ன அத்தை, இன்னைக்கு என்ன கூத்து?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சிரிக்க ஆரம்பித்தான்.